வடபொய்கையில் முளைத்த நீலச் சொல்

வடபொய்கை என்ற ஊரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் இரண்டே வரிதான் இருந்தது. வடபொய்கை தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊர் என்பது ஒரு வரி. இங்கு மக்கள் வசிக்கின்றனர் என்பது அடுத்த வரி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த உலகம்மாள், கடையில் ஆளே வராத ஒரு மத்தியான வேளையில் தற்செயலாக அதை வாசித்துவிட்டு, யாரோ தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனது போல மனம் சுண்டிப்போனாள்.

"மக்கள் வசிக்காங்களாம். எந்த ஊர்ல வசிக்காம இருக்காங்க?" என்று அவள் நகல் இயந்திரத்திடம் கேட்டாள்.

அந்த வரிகளின் பக்கத்தில் 'தொகு' என்று சின்னதாக ஒரு நீலச் சொல் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், அழுத்தியவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கே அவள் சாப்பாட்டை மறந்து எழுத உட்கார்ந்தாள். எங்கள் வடபொய்கை உலகத்திலேயே அழகான ஊர் என்று எழுதினாள். இங்குள்ளவர்கள் தங்கமான மனிதர்கள் என்றும், குளத்துத் தண்ணீரைக் குடித்தால் குரல் இனிக்கும் என்றும், ஞானதிரவியம் கடை நன்னாரி சர்பத்துக்கு ஈடு இந்த ஜில்லாவில் கிடையாது என்றும் எழுதிவிட்டு, கை கழுவி வந்து பார்த்தால் மறுபடியும் பழைய இரண்டு வரிதான் நின்றது. கடல்நண்டு என்ற பெயரில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீழே காரணமும் சொல்லியிருந்தார். சான்று இல்லை. விளம்பர நடை.

உலகம்மாள் திரும்பவும் போட்டாள். நண்டு திரும்பவும் எடுத்தது. அவள் இன்னொரு தடவை போட்டு, தங்கமான மனிதர்கள் என்பதைச் சொக்கத்தங்கமான மனிதர்கள் என்று மாற்றினாள். அதையும் எடுத்துவிட்டு நண்டு அவளுக்கென்று தனியாக எழுதியிருந்தது.

'வணக்கம் உலகம்மாள். நீங்களும் நானும் மாறி மாறி இழுத்தால் பக்கம் கிழிந்துபோகும். பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள். உங்களிடம் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னிடமும் இல்லை. உங்கள் ஊரைப் பற்றி நிற்கிற மாதிரி ஒரு வரி எழுதிப் பார்ப்போமா?'

சண்டைக்கு இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு நின்றவளுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் போனாள். பேச்சுப் பக்கம் என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு கொல்லைப்புறம் மாதிரி இருந்தது. முன்னால் ஒழுங்காக உடுத்தி நிற்கிற வரிகளெல்லாம் அங்கேதான் வாக்குவாதம் செய்து, கோபித்து, சமாதானமாகி வந்திருந்தன.

'நான் பிறந்து வளர்ந்த ஊர். எனக்குத் தெரியாதா?' என்று எழுதினாள்.

'உங்களுக்குத் தெரியும். வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அச்சில் வந்த ஒன்றைக் காட்டுங்கள். அழகான ஊர் என்று எழுத வேண்டாம். குளத்துக்கு என்ன பறவை வருகிறது என்று எழுதுங்கள். அழகா இல்லையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.'

'சர்பத் நிஜமாகவே நன்றாக இருக்கும்.'

'அந்தக் கடைக்காரர் உங்களுக்கு என்ன முறை?'

'முறை ஒன்றும் இல்லை. பக்கத்துக் கடை. கோடையில் எனக்குச் சும்மா தருவார்.'

'அப்படியானால் அந்த வரியை வேறு யாராவது எழுதட்டும்.'

உலகம்மாள் அன்று சாயங்காலம் சர்பத் குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து நூலகத்துக்கு நடந்தாள். ஒரு கல்லூரி வெளியிட்டிருந்த குளத்துப் பறவைகள் பற்றிய புத்தகத்தில் வடபொய்கையின் பெயர் ஒரே ஓர் இடத்தில் வந்தது. அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, வடபொய்கைக் குளத்துக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன என்று எழுதி, எழுதியதற்குக் கீழே புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் போட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். வரி நின்றது. மறுநாளும் நின்றது. நண்டு வந்து ஒரு காற்புள்ளியை மட்டும் சரிசெய்துவிட்டு, நன்றி என்று எழுதிப் போயிருந்தது. உலகம்மாள் அல்வா வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒரு வரி நின்னுட்டு" என்று பதில் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் வடபொய்கையில் எல்லாப் பொருள்களின் மேலும் தொகு என்ற சொல் முளைத்திருந்தது.

தெரு பெருக்க வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். தெருவிளக்குக் கம்பத்தின் அடியில், குழாயின் கழுத்தில், ரேஷன் கடைக் கதவில், கிணற்றுச் சுவரில், சைக்கிளின் மட்கார்டில், நகக்கண் அளவுக்கு நீலமாக அந்தச் சொல் இருந்தது. தேய்த்தால் போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் பொருள் பிசைந்த மாவு போல இளகி, என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி சற்று நேரம் காத்துக்கொண்டிருந்தது. சொன்னால், சொன்னபடி ஆனது. மறுபடி அழுத்தி வேண்டாம் என்றால் பழையபடிக்குப் போனது. பட்டம் விடுகிற காலம் வந்தால் பட்டம் விடுவது போல, பனங்கிழங்கு வந்தால் பனங்கிழங்கு தின்பது போல, ஊர் இதற்கும் இரண்டு நாளில் பழகிவிட்டது. பெண்கள் அடிகுழாயின் கைப்பிடியை மெதுவாக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியைப் பூசணிக்காய் ஆக்கிவிட்டு ஓடினார்கள், டிரில் வாத்தியார் போய் அதைத் திருப்பித் தொட்டி ஆக்கிவிட்டு வந்தார். ஒருவர் தன் வீட்டை ஒரு மாடி உயர்த்த, பக்கத்து வீட்டில் வடகம் காயவில்லை என்று அந்த வீட்டுக்காரி வந்து மாடியை இறக்கிவிட்டுப் போனாள். வாசல் பெயர்ப்பலகைகளில் இரவோடு இரவாகப் பட்டங்கள் கூடின. சிலருடைய பெயர், சுவர் தீர்ந்து அடுத்த வீட்டு வாசல்வரை நீண்டது.

இதெல்லாம் சிரித்துப் பேசும்படியாகத்தான் இருந்தது, பஸ் நிழற்குடையில் கை வைக்கிறவரை.

கடைத்தெருவின் தெற்குப் பக்கம் நம்பிராஜனின் டீக்கடை. வடக்கே, உலகம்மாள் கடைக்குப் பக்கத்தில், ஞானதிரவியத்தின் சர்பத் கடை. இரண்டுக்கும் நடுவில் நிழற்குடை நெடுங்காலமாக யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலையில் நம்பிராஜன் தொகுவை அழுத்தி அதைத் தன் கடை வாசலுக்கு நகர்த்தினார். ஞானதிரவியம் கடை திறந்து பார்த்துவிட்டு, நேராகப் போய் அதைத் தன் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நிழற்குடை ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்கில்லாமல் வடக்கும் தெற்குமாக அலைந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. பையும் குடையும் மடியில் பிள்ளையுமாக அவர்கள் நிழற்குடையோடு சேர்ந்து நகர்ந்தார்கள், தெற்கே வாங்கிய வடையை வடக்கே போய்த் தின்று முடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்று பஸ்ஸுக்குப் போகாதவர்களும் வந்து அதில் ஏறி உட்கார்ந்தார்கள்.

பஸ்தான் தவித்தது. டிரைவர் தளவாய் தெற்கே நிறுத்தினால் ஆட்கள் வடக்கே இருந்தார்கள், வடக்கே நகர்த்தினால் அவர் கண்முன்னாலேயே நிழற்குடை தெற்கே போனது. பொறுமையான மனிதர். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அண்ணாச்சிமாரே, கேட்டுக்கிடுங்க. திங்கக்கிழமை நான் வரும்போது ஸ்டாப் ஒரு இடத்துல நிக்கணும். நிக்கலைன்னா வண்டி பைபாஸ்ல போயிரும். மேல எழுதிக் கொடுத்துருவேன். பிறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

பைபாஸ் ஊரிலிருந்து வெகுதூரம். கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அமலோற்பவம் முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே வருகிறவள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நகர்ந்துகொண்டிருந்த நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். தான் எழுதிய ஒரு வரியால்தான் இந்தச் சொல் ஊருக்குள் வந்ததோ என்று நினைத்தாள். அப்படித்தான் என்று சொல்லச் சான்று எதுவும் இல்லை என்றும் நினைத்தாள். கடையைப் பாதி மூடிவிட்டு, நண்டு எப்போதோ கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

இத்தனை நாளும் மீசை வைத்த ஒரு வாத்தியார் என்று அவள் நினைத்திருந்த கடல்நண்டு, இலங்கை மன்னாரிலிருந்து ஒரு பெண் குரலில் பேசியது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோ அக்கா."

உலகம்மாள் ஊர் நடப்பை எல்லாம் சொன்னாள். மன்னார்க்காரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்கள் சொல்லுறத நான் கட்டுரையில சேர்க்க ஏலாது" என்றாள் கடைசியில்.

"சேக்க வேண்டாம் தாயி. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

"ரெண்டு பேரும் மாறி மாறி இழுக்கினம் எண்டால் முதல்ல கையை எடுக்கச் சொல்லுங்கோ. பிறகு ஒரு இடத்தில இருந்து கதைக்கச் சொல்லுங்கோ. எது வேணும் எண்டு கேக்காதேங்கோ, ஏன் எண்டு கேளுங்கோ. ஆள் எண்ணிப் பாக்காதேங்கோ. ஆருக்கு அதில ஆதாயமோ அவை அதை முதல்ல சொல்ல வேணும். நீங்களும்தான் அக்கா." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கடைக்காரர் ரெண்டு பேரும் கெட்ட ஆக்கள் இல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"இல்ல. ரெண்டும் நல்ல மனுசங்கதான்."

"அப்ப அப்பிடி நினைச்சுக்கொண்டே பேசுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்தவர்களும் சர்ச் முடிந்தவர்களும் நிழற்குடையில் கூடினார்கள். அன்று அது ரோட்டின் நடுவே, இரண்டு கடைக்கும் பாதி வழியில், யாரும் தொடாமல் நின்றது. உலகம்மாள்தான் போய் இரண்டு பேரிடமும், பேசி முடிக்கிறவரை கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள். இரண்டு பேரும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கோபம் ஆறாத பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணைச் சொல்லிருதேன்" என்று உலகம்மாள் ஆரம்பித்தாள். "நிழற்குடை வடக்க நின்னா என் ஜெராக்ஸ் கடைக்கும் ஆள் வரும். எனக்கு இதுல ஆதாயம் இருக்கு. அதனால எங்க வைக்கணும்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். கேக்க மட்டும்தான் செய்வேன்."

கூட்டத்துக்கு இது புதிதாக இருந்தது. ஆதாயம் இருக்கிறவன் வாயைத் திறந்துதான் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

"கை தூக்கச் சொல்லு உலகு, முடிஞ்சு போகும்" என்றார் நம்பிராஜன். அவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், எல்லோரும் வந்திருந்தார்கள்.

"ஆள் கணக்கு இல்ல அண்ணாச்சி. காரணந்தான் கணக்கு. நீங்க சொல்லுங்க, ஏன் தெக்க?"

நம்பிராஜன் யோசித்தார். யாவாரம் என்று சொல்ல வந்தது, அத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "காலம்பற பஸ்ஸுக்கு வாறவங்களுக்கு ஒரு சூடு வேணும்லா. வெறும் வயித்தோட போறாங்க" என்றார். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவருக்கே தெரிந்தது போல இருந்தது.

"நீங்க அண்ணாச்சி?"

"மத்தியானம் வெயில்ல வந்து இறங்குதவங்களுக்குக் கண்ணு இருட்டிட்டு வருது" என்றார் ஞானதிரவியம். "போன சித்திரையில ஒரு பொம்பள என் கடை வாசல்ல மயங்கி விழுந்துட்டு."

"ரெண்டும் நல்ல காரணம்" என்றாள் உலகம்மாள். "பஸ்ல போறவங்க யாராவது சொல்லுங்க."

அமலோற்பவம் எழுந்தாள். ஊசி போடும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில் பேசினாள்.

"நான் வாறப்ப இருட்டு. இங்க லைட் கிடையாது. காலேஜ் பிள்ளைகளும் ராத்திரி வந்து இறங்குறப்ப இதே இருட்டுதான். தெக்கயோ வடக்கயோ, பொம்பளைங்க அவசரத்துக்கு ஒதுங்க இடம் இல்ல. ரோட்டு வளைவுல ஹெல்த் சென்டர் பக்கத்துல பாத்ரூம் இருக்கு, பெரிய லைட் இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு. அங்கதான் இருந்திருக்கணும். எங்களை யாரும் கேக்கல, அதனால சொல்லல."

டிரில் வாத்தியார் எழுந்து, அதற்குச் சான்று வேண்டுமே என்றார். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிருந்தது. சிலர் எழுந்து வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். லைட் எரிந்தது. கழிப்பறையில் தண்ணீர் வந்தது. வாட்ச்மேன் வணக்கம் சொன்னார். வளைவில் பஸ் திரும்ப இடம் உண்டா என்று கேட்டதற்கு, தினமும் அங்கேதான் திரும்புகிறது என்று வாட்ச்மேனே பதில் சொன்னார். ஒருவர் தூரம் அதிகம் என்று முனகினார். முனகியவர் சொன்னதையும் கேட்டு, நடக்க முடியாதவர்களுக்கு வழியில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு என்று பேசி முடித்தார்கள்.

நம்பிராஜன் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வளைவுக்குப் போகணும்னா என் கடையைத் தாண்டித்தாம்ல போகணும்" என்றார்.

"என் கடையையும்தான்" என்றார் ஞானதிரவியம்.

அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசியது நெடுநாளைக்குப் பிறகு அதுதான்.

இரண்டு கட்டைவிரல்களும் சேர்ந்து தொகுவை அழுத்தின. இனிமேல் எதைத் தொட்டாலும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அங்கேயே முடிவாகியிருந்ததால், "காரணம், வெளிச்சம்" என்றார் நம்பிராஜன். "காரணம், பொம்பளைப் பிள்ளைங்க" என்றார் ஞானதிரவியம். நிழற்குடை கூட்டத்தோடு எழும்பி, கோயில் தேர் போல ஆடி அசைந்து தெரு வழியே போய் வளைவில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது நகரவில்லை. யாரும் நகர்த்த நினைக்கவுமில்லை.

அன்று சாயங்காலமே ஊர் உலகம்மாள் கடையில் வந்து நின்றது. இத்தனையும் நடந்திருக்கிறது, அந்தக் களஞ்சியத்தில் இதை எழுது என்றது.

"எழுத முடியாது. அச்சுல வரல" என்றாள்.

"கண்ணால பாக்கோமேட்டி?"

"நம்ம கண்ணு சான்று ஆகாதாம்."

பக்கத்து ஊரிலிருந்து ஒரு நிருபரும் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். படத்தில் கம்பம் இருந்தது, குழாய் இருந்தது, நீலச் சொல் மட்டும் விழவில்லை. ஊர் சற்று நேரம் முகத்தைத் தொங்கப் போட்டது. பிறகு, நமக்குத் தெரிந்தால் போதும் என்று டீ குடிக்கப் போனது. உலகம்மாள் மட்டும் உட்கார்ந்து, பஸ் நிறுத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அருகில் உள்ளது என்று எழுதி, தானே எடுத்த ஒரு படத்தையும் சேர்த்தாள். நண்டு வந்து பார்த்துவிட்டு ஒன்றையும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலையில் தளவாய் தெற்கே தேடி, வடக்கே தேடி, வளைவுக்கு வந்து வண்டியை நிறுத்தினார். ஜென்மத்தில் முதல் தடவையாக வடபொய்கையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். நம்பிராஜன் டீ கொண்டுவந்தார், ஞானதிரவியம் சர்பத் கொண்டுவந்தார். இரண்டையும் மாறி மாறிக் குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவர், பின் சக்கரத்துக்கு மேலே எதையோ பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா இங்க, நீலமா?"

"தொகு" என்றாள் உலகம்மாள். "உங்க வண்டி இன்ஜினை அணைச்சுட்டு ஊருக்குள்ள நின்னுட்டுல்லா, அதுலயும் வந்துட்டு. அழுத்திட்டு என்ன வேணும்னு சொல்லணும். காரணத்தையும் சொல்லணும்."

தளவாய் கட்டைவிரலை நீட்டினார். "பொறுங்க அண்ணாச்சி" என்று அவள் தடுத்தாள். "வண்டி உங்களுது மட்டும் இல்லியே. ஏறுதவங்களைக் கேட்டுக்கிடுங்க."

அவர் படியில் ஏறி நின்று உள்ளே பார்த்துப் பேசினார். பேசிப் பழக்கமில்லாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் ஜன்னல் சீட்டுக்குத்தான் அடிச்சுக்கிடுதிய. கண்ணாடியில தெனமும் பாக்கேன். கிடைக்காதவங்க முகம் ஊர் போய்ச் சேர்றவரைக்கும் ஒரு மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் முன்னால எவ்வளவு பெரிய ஜன்னல். எல்லா சீட்டையும் ஜன்னல் சீட்டா ஆக்கிருவோமா?"

வண்டிக்குள் பேச்சு எழுந்தது. தனக்கு வெயில் ஆகாது என்று ஒருவர் சொன்னார், அவருக்கு மேற்குப் பக்கம் என்று முடிவானது. திருநெல்வேலி போய்ச் சேர்கிறவரைதான், பிறகு பழையபடி ஆகிவிட வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார், அதுவும் நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வேறு யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தளவாய் இறங்கி வந்து அழுத்தினார்.

"காரணம், எல்லாருக்கும் பாக்கணும் போல இருக்கு" என்றார்.

பஸ் ஒரு பெருமூச்சு விட்டு இளகியது. ஒடுங்கியது, நீண்டது, சீட்டுக்கு ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொண்டே போனது. முன்பக்கம் கிளம்பி வாய்க்கால் பாலத்தை ஏறி இறங்கியபோதும் பின்பக்கம் நிழற்குடையை விட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. முதல் ஜன்னல்களில் ஒன்றில் அமலோற்பவம் கம்பியில் தாடையை வைத்து, தலைமுடி பறக்க உட்கார்ந்திருந்தாள். உலகம்மாளைப் பார்த்துக் கையாட்டினாள். உலகம்மாளும் ஆட்டினாள். அடுத்த ஜன்னலில் இருந்த கல்லூரிப் பெண்ணும் ஆட்ட, அவளுக்கும் ஆட்டினாள். அடுத்த ஜன்னலில் இருந்தவர் யாரென்றே தெரியவில்லை, அவருக்கும் ஆட்டினாள். கை வலித்து, வலது கையை இறக்கி இடது கையால் ஆட்டத் தொடங்கியபோதும் ஜன்னல்கள் வந்துகொண்டே இருந்தன.